இரண்டு டிகிரி, ஆயிரம் அழுத்தம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: பூமி உருண்டை குளிர்ந்து, அதன் பள்ளங்களில் கடல் நிரம்பி, அந்தக் கடலில் உயிர் என்று ஒன்று முளைத்த நாள் முதலாய் எந்த நாட்டுக்கும் கிட்டாத ஒரு பெருமை, 1996ஆம் ஆண்டு செப்டம்பர் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, பிரிக்பீல்ட்ஸ் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மலேசியாவுக்குக் கிட்டியது. பசிபிக் கடலின் அகழியில், பத்தாயிரம் மீட்டர் ஆழத்தில், சூரியன் என்றால் என்னவென்றே தெரியாமல் வாழ்ந்து வந்த ஒரு பாக்டீரியா, தன் பரம்பரைப் பழக்கங்களை எல்லாம் கைவிட்டு, நம் நாட்டு வெக்கையில், ஒரு கண்ணாடித் தட்டில், செழித்து வளர்ந்தது. அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் வீரசிங்கம். அதற்குத் தம்முடைய பெயரே சூட்டப்பட வேண்டும் என்று மற்றவர்கள் வற்புறுத்துவதாகவும் அவர் நிருபர்களிடம் சொன்னார். அந்த மற்றவர்கள் யார் என்று நிருபர்கள் கேட்கவில்லை.

அந்த அறிவிப்பில் ஆய்வக உதவியாளர் தம்புசாமியின் பெயர் இல்லை. இருபத்தாறு வருஷம் அங்கே குப்பி கழுவியவருக்கு அது வருத்தமாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். தம்புசாமியோ, பேப்பரைப் பிரிக்கும்போதே, தன் பெயர் எங்கும் இருக்கக்கூடாதே என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் பிரித்தார். தட்டில் வளர்ந்தது என்ன என்று அவருக்குத் தெரியும். அது வெளியே தெரிந்தால், இன்னும் ஏழே மாதத்தில் வரவேண்டிய ஓய்வூதியம் வராது என்பதும் தெரியும்.

நடந்தது இதுதான்.

ஜூன் மாதக் கடைசியில் ஜப்பானிலிருந்து ஓர் எஃகு உருளை வந்தது. ஒரு ஆள் கட்டிப் பிடிக்கிற பருமன். கழுத்தில் ஒரு அழுத்தமானி, இடுப்பில் ஒரு குழாய், தலையில் திருகு மூடி. கப்பலில் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து, சுங்கக் கிடங்கின் வாசலில் நான்கு நாள் வெயிலில் கிடந்தது. லோரியோடு போய் அதை எடுத்து வந்தவர் தம்புசாமி. தொட்டபோது கை சுட்டது.

“டாக்டர், இது ஐஸ்ல இருக்க வேண்டிய சாமான்னு சொன்னீங்களே. கிள்ளான்ல வெயில்ல கெடந்துச்சு.”

“யப்பான்காரன் எல்லாம் யோசிச்சுத்தான் அனுப்புவான். நீர் ஏன் அவனுக்கும் சேத்து யோசிக்கிறீர்?” என்றார் டாக்டர்.

டாக்டர் வீரசிங்கத்தின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். மகன் லண்டனில் படித்து, பங்சாரில் வீடு கட்டி, வீட்டில் பேசும் தமிழை அலுவலகத்துக்கும் கொண்டு வந்தார். உருளையோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. கெட்டியான தாள், தலைப்பில் பொன்னிறத்தில் அலை ஒன்று அச்சடித்திருந்தது. ‘மதிப்புக்குரிய டாக்டர் வீரசிங்கம் அவர்களின் புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தோடு கைகோத்து அகழி உயிர்களை ஆராய்வதில் பெருமைப்படுகிறோம்’ என்று ஆரம்பித்து, உருளையை இரண்டு டிகிரிக் குளிரிலும் ஆயிரம் வளி அழுத்தத்திலும் வைக்கவும், அறுபது நாளைக்கு ஒரு சொட்டும் எடுக்க வேண்டாம் என்று அந்தத் தாள் முடிந்தது. ‘புகழ்பெற்ற’ என்ற சொல்லை டாக்டர் மூன்று முறை படித்தார். அன்று சாயங்காலமே கடிதம் கடைக்குப் போய், கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து, அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

“கீழ கையெழுத்து இல்லியே டாக்டர்,” என்றார் அதை மாட்டிய தம்புசாமி.

“அவங்கள் அடக்கமான ஆக்கள். கையெழுத்தெல்லாம் போடாயினம்.”

உருளையைக் குளிர் அறையில் வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். தினம் இரண்டு முறை முள்ளைப் பார்த்து, ஆயிரத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் கைப் பம்பை அடித்து ஏற்றி, நோட்டில் குறிக்க வேண்டும். அதற்கு டாக்டரின் கௌரவம் இடம் தராது. ஆகவே, இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக, ஒரு கதவின் சாவி தம்புசாமியின் கையில் வந்து விழுந்தது. அவர் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். காவலாளி அய்யாவு பார்த்துவிட்டு, “என்னண்ணே, இந்த வயசுல தாலி?” என்று கேட்டார்.

சாவி கொடுத்த அன்று டாக்டர் பாடமும் கொடுத்தார். குளிர் அறையில், கோட்டின் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு.

“நெய்யைப் பிரிட்ஜுக்குள்ள வைச்சா என்னாகும்?”

“கட்டியாயிடும் டாக்டர்.”

“நல்லெண்ணெய்?”

“அது அப்படியேதான் இருக்கும்.”

“அவ்வளவுதான் விசயம். உயிரணு ஒவ்வொண்டுக்கும் கொழுப்பாலை ஒரு தோல் இருக்கு. எங்கட தோல் நெய் மாதிரி. அகழிக்குள்ள கொண்டுபோய் விட்டா, குளிரிலும் பாரத்திலும் உறைஞ்சு, ஒண்டும் உள்ள வராமல் வெளிய போகாமல், செத்துப்போவம். இந்தப் பாக்டீரியா கெட்டிக்காரன். தன்ரை தோலிலை எண்ணெய்க் கொழுப்பைக் கூட்டி வைச்சிருக்கிறான். நகத்தளவு இடத்திலை ஒரு டன் பாரம் ஏறினாலும் அவன்ரை தோல் இளகியே இருக்கும். உள்ளுக்கிருக்கிற புரதமும் நசுங்காத மாதிரி வேற விதமாய் மடிச்சு வைச்சிருக்கு.”

“அப்ப பாரத்தை எறக்கி விட்டா சந்தோஷமா இருக்குமா டாக்டர்?”

“செத்துப்போகும். சூடு பட்டாலும் சாகும். அந்தப் பாரத்துக்கெண்டே செஞ்ச உடம்பு. பாரம்தான் அதுக்கு வீடு.”

அந்தக் கடைசி வாக்கியம் தம்புசாமியோடு வீட்டுக்கு வந்தது. அவர் தலைமேல் மூத்த உதவியாளர், அவர் மேல் தலைமைக் குமாஸ்தா, அவர் மேல் டாக்டர், டாக்டர் மேல் இயக்குநர், இயக்குநர் மேல் மந்திரியின் செயலாளர் என்று அடுக்கடுக்காகத் தண்ணீர் நின்றது. போன வருஷம் ஓய்வு பெற்ற தலைமைக் குமாஸ்தா, திட்டுவதற்கும் திட்டு வாங்குவதற்கும் ஆள் இல்லாமல் மூன்றே மாதத்தில் போய்ச் சேர்ந்ததை அவர் நினைத்துப் பார்த்தார். உருளைக்குள் இருக்கிற அந்தக் கண்ணுக்குத் தெரியாத சீவன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. காலையில் முள்ளைப் பார்த்ததும், “ஆயிரம். நல்லா இரு லா,” என்பார்.

குளிர் அறையில் இன்னொரு விருந்தாளியும் உண்டு. ஆடி மாதம் வந்தால் தங்கமணியின் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். தங்கமணி, தம்புசாமியின் மனைவி. மாதர் குழுவின் தலைவி. கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். இந்த ஊர் வெக்கையில் அது புளிக்கிறதோடு நிற்காது, பொங்கி ஓடும். அளவாகப் புளித்ததும் குளிரில் வைத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை காலை வரை தாங்கும். இரண்டு பெரிய வாளி மாவுக்கு எந்த வீட்டுப் பிரிட்ஜில் இடம் இருக்கிறது? நாலு வருஷமாக அந்த மாவு அரசாங்கத்தின் குளிர் அறையில்தான் விரதம் இருந்தது. முன்பு மூத்த உதவியாளரின் காலில் விழுந்து வைத்தார். இந்த வருஷம் சாவி அவர் கழுத்திலேயே இருந்தது. ஆகஸ்ட் இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, உருளைக்கு ஒரு பக்கம் ஒரு வாளி, மறு பக்கம் ஒரு வாளி என்று, அம்மன் சன்னிதித் துவாரபாலகர்கள் போல வைத்துவிட்டுப் பூட்டினார்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு, தீபகற்பம் முழுவதும் கரண்ட் போனது. பிரிக்பீல்ட்ஸ் இருண்டது. கோயிலில் மைக் செத்து, விளக்கு செத்து, மாதர் குழு அலறியது. தம்புசாமி பெட்ரோமாக்ஸ் தேடி ஓடினார். ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. அங்கே ஜெனரேட்டர் இருக்கிறதே என்றும் தோன்றியது. ஜெனரேட்டர் இருந்தது. டீசல் கேட்டு எழுதிய விண்ணப்பம் மூன்றாவது கையெழுத்துக்காக இயக்குநர் மேசையில் இருந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாவை எடுக்கப் போனார். ஊரெல்லாம் கரண்ட் திரும்பி வந்திருந்தது. குளிர் அறையின் சுவிட்ச் மட்டும் கீழே விழுந்தபடியே கிடந்தது. கதவைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அறைந்தது. மாவு பொங்கி, வாளியின் மூடியைத் தள்ளி, மேசையிலும் தரையிலும் வழிந்து, உருளையின் இடுப்பு வரை கட்டிக்கொண்டிருந்தது. வெப்பமானி இருபத்தாறு. அழுத்தமானி முள், கையாலாகாதவன் மாதிரி, அடியில் சாய்ந்து கிடந்தது.

தம்புசாமி கதவை உள்ளே சாத்தினார். பிறகு குப்பி கழுவுகிறவர் செய்கிறதைச் செய்தார். துடைத்தார். மூடியின் ரப்பர் வளையம் பிளந்திருந்தது. மூடியைத் திருகி எடுத்து, புது வளையம் போட்டு, மறுபடி மூடிப் பம்பை அடித்தார். கை முழங்கை வரை மாவு. வேட்டியில் துடைத்துக்கொண்டு, துடைத்த கையாலேயே வளையத்தைப் பொருத்தினார். முள் ஆயிரத்துக்கு ஏறியது. நோட்டில் சனிக்கிழமை மாலைக்கு நேரே எழுதினார்: இரண்டு டிகிரி, ஆயிரம். ஞாயிறு காலைக்கு நேரேயும் அதையே எழுதினார். ஆயிரத்தின் கடைசிப் பூச்சியம் கோணலாக விழுந்தது.

மிச்ச மாவில் கூழ் காய்ச்சினார்கள். நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். அவர் வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

அன்றிலிருந்து ஒரு பிணத்துக்குக் காவல் இருக்கிற ஆள் போலத் தினம் இரண்டு முறை போய் முள்ளைப் பார்த்தார். “நல்லா இரு லா” என்பதை நிறுத்திவிட்டார். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் தீர்மானிப்பார். டாக்டர் அறையில் கால் வைத்ததும், “என்ன, முள் ஆயிரமோ?” என்று டாக்டர் கேட்பார். “ஆயிரம் டாக்டர்,” என்று இவர் வாய் சொல்லும்.

ஆகஸ்ட் முப்பது, அறுபது நாளுக்கு மேல் ஆயிற்று. டாக்டர் தம் கையால் குழாயைத் திறந்து, ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடித் தட்டில் தடவினார். தட்டைக் குளிரில் வைக்க வேண்டும். மறுநாள் தேசிய தினம், நீண்ட விடுமுறை. போர்ட் டிக்சன் பயண நினைப்பில் தட்டை மேசைமேலேயே விட்டுப் போனார். திங்கட்கிழமை வந்து பார்த்தால், தட்டு முழுவதும் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். வேறு ஒருவராக இருந்தால், குளிர்ப் பிராணி வெக்கையில் எப்படி முளைத்தது, எங்கோ தவறு என்று பதறியிருப்பார். டாக்டர் வீரசிங்கத்தின் பரிசோதனைகளில் தவறு நடப்பதில்லை. ஆகவே பாக்டீரியாதான் மாறியிருக்க வேண்டும்.

“மணந்து பாரும், தம்புசாமி! ஆழ்கடலின்ரை வாசம்!”

தம்புசாமி மோந்து பார்த்தார். அவர் வீட்டு அடுப்பங்கரை வாசம்.

பேப்பரில் செய்தி வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது தங்கமணியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

“ஏங்க, அப்ப பேப்பர்ல வந்தது நம்ம கேவுரா?”

“சத்தமா பேசாத லா.”

“தேசத்துக்கே பெருமைன்னு போட்டிருக்கான். நான் கரைச்ச மாவு. என் பேரு வரலையே.”

“பென்ஷன் போயிடும், தங்கம். வெளையாடாத.”

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். “எத்தன நாளைக்கு மறைப்பீங்க? அந்த ஜப்பான்காரன் ஒரு நாள் பூதக்கண்ணாடில பார்க்க மாட்டானா? அப்பத் தெரிஞ்சா வேலைக்கும் ஒல, மானத்துக்கும் ஒல. ஆத்தா சாமானைச் சொல்றதுக்கு என்ன பயம்? போய்ச் சொல்லுங்க. நல்ல மனுசன்னா மன்னிச்சிருவாரு.”

தங்கமணிக்கு டாக்டரைக் கோயில் விசேஷங்களில் மட்டும்தான் தெரியும். அங்கே அவர் நல்ல மனிதர்.

செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் டாக்டருக்குப் பாராட்டு விழாவும் அவருடைய சொற்பொழிவும் ஏற்பாடாகியிருந்தன. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தம்புசாமி கதவைத் தட்டினார்.

“என்ன, பொன்னாடை என்ன நிறமெண்டு கேக்க வந்தனீரோ?”

“இல்ல டாக்டர். அந்தத் தட்டுல இருக்கிறது அகழிப் பாக்டீரியா இல்ல டாக்டர்.”

“பின்னை?”

“கூழு.”

டாக்டர் பேனாவை மூடினார். “என்ன கூழ்? ஒடியல் கூழோ?”

“கேவுரு, டாக்டர். கோயில் கூழு.”

கரண்ட் போனது, மாவு பொங்கியது, வளையம் பிளந்தது, நோட்டில் பொய் எழுதியது எல்லாம் சொல்லி முடித்தார். “அது செத்துப்போச்சு டாக்டர். ஆகஸ்ட் மூணாம் தேதியே. நான்தான் கொன்னுட்டேன்.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு நுண்ணுயிருக்காக வயதான ஒரு மனிதர் அழுவதை டாக்டர் முதல் முறையாகப் பார்த்தார். பார்க்கப் பிடிக்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு தட்டச்சர் மார்க்கிரட்டைக் கூப்பிட்டு, ஒரு தாளில் அடிக்கச் சொன்னார். தம்புசாமி ஆகிய நான், கடமையில் தவறி, அரசாங்கக் குளிர் அறையில் உணவுப் பொருள் வைத்து, உயிருள்ள அகழிப் பாக்டீரியாவைச் சாகடித்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.

“இதிலை ஒரு கையெழுத்து வையும்.”

“எதுக்கு டாக்டர்?”

“சும்மா. என்ரை மேசை லாச்சிக்குள்ள கிடக்கும். யப்பான்காரன் ஒண்டும் கேக்காட்டில், நீரும் மறந்திடும், நானும் மறந்திடுறன்.”

தம்புசாமிக்கு நெஞ்சு லேசானது. தங்கமணி சொன்னது சரி, நல்ல மனிதர்தான். கையெழுத்துப் போட்டார். “அப்ப ஞாயித்துக்கெழம கூட்டம் இல்லதானே டாக்டர்?”

“நோட்டீஸ் அடிச்சாச்சு. இனி எப்பிடி நிப்பாட்டுறது?”

கூட்டம் நடந்தது. டாக்டர் இரண்டு மணி நேரம் பேசினார். குளிரும் பாரமும் தாங்கிய ஓர் உயிர் நம் மண்ணின் அன்பில் இளகியது என்று சொன்ன இடத்தில் கைதட்டல் எழுந்தது. மூடி போட்ட கண்ணாடித் தட்டு வரிசை வரிசையாகக் கை மாறியது. மூன்றாவது வரிசையில் தங்கமணி மூடியை இலேசாகத் தூக்கி மோந்தாள். “புளிப்பு சரியா வந்திருக்கு,” என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். மேடையின் ஓரத்தில், தண்ணீர்க் குவளையோடு நின்ற தம்புசாமிக்கு அது கேட்டது. பொன்னாடை அரக்கு நிறம்.

செவ்வாய்க்கிழமை ஜப்பானிலிருந்து பேக்ஸ் வந்தது. மார்க்கிரட் அதை எடுத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் படித்தார். மறுபடி படித்தார். தம்புசாமியைக் கூப்பிட்டார்.

“யப்பான்காரன் கேக்கிறான். பத்திரிகைச் செய்தி பார்த்து ஆச்சரியமாம். கடிதத்தின்ரை இரண்டாம் பக்கத்தைத் தயவு செய்து பார்க்கட்டாம். என்ன இரண்டாம் பக்கம்? பைலிலை பாரும்.”

பைலில் ஒன்றும் இல்லை. அலமாரியில் இல்லை. மார்க்கிரட்தான் சுவரைக் காட்டினாள். “சார், அன்னைக்கு லெட்டர் ரெண்டு தாளா இருந்த மாதிரி ஞாபகம். அப்படியே கடைக்குக் குடுத்தனுப்பினீங்க.”

தம்புசாமி நாற்காலிமேல் ஏறிச் சட்டத்தை இறக்கினார். பின்பக்க அட்டையை நெம்பினார். ‘புகழ்பெற்ற’ என்ற தாளுக்குப் பின்னால், அதைச் சுருங்காமல் தாங்கிக்கொண்டு, இன்னொரு தாள் இருந்தது. அடியில் அழகான கையெழுத்து.

டாக்டர் சத்தமாகத்தான் படிக்க ஆரம்பித்தார். முதலில் அனுப்பியிருப்பது பழகிக்கொள்வதற்கான உருளை என்றது அது. அதில் உயிர் எதுவும் இல்லை. அறுபது நாள் குளிரையும் அழுத்தத்தையும் தவறாமல் காப்பாற்றிக் காட்டினால், உயிருள்ள பாக்டீரியாவை விமானத்தில் அனுப்புவோம். கடைசி வரிகளில் டாக்டரின் குரல் இறங்கி, உதடு மட்டும் அசைந்தது.

தம்புசாமிக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும், ஏழு வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தார்.

“டாக்டர், அப்ப நான் ஒண்ணையும் கொல்லலியே!”

“இல்லை. நீர் கொல்லேல்லை,” என்றார் டாக்டர். தாளை ஓரம் பார்த்து மடித்தார். “ஆனா கொன்றதா எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கிறீர்.”

“அதைத் திருப்பிக் குடுத்துடுங்க டாக்டர்.”

“இயக்குநர் கேப்பார். மந்திரியின்ரை ஆக்கள் கேப்பினம். எனக்கும் ஒரு பதில் வேணும்தானே.”

மார்க்கிரட் தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்தாள். தம்புசாமி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை, வீட்டில் அவளுக்கும் மூன்று பிள்ளைகள். பிறகு டாக்டர் சொல்ல, இரண்டாம் பக்கம் முதல் பக்கத்துக்குப் பின்னாலேயே போனது. அட்டையை ஆணியடித்துச் சட்டத்தை அதே இடத்தில் மாட்டினார் தம்புசாமி. இருபத்தாறு வருஷப் பழக்கம், கை சொன்னதைச் செய்தது. கீழே இறங்கி, கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

விசாரணைக் குழு நவம்பரில் கூடியது. தம்புசாமி நடந்ததைச் சொன்னார். இரண்டாம் பக்கம் என்று ஒன்று டாக்டர் அறைச் சட்டத்துக்குள் உண்டு என்றும் சொன்னார். ஆவணம் என்றால் பைலில்தான் இருக்கும் என்று குழு பைலை மட்டும் புரட்டிப் பார்த்தது. பைலில் இல்லை. பேக்ஸ் காகிதம் அதற்குள் வெளிறி வெறும் தாளாகிவிட்டது. மார்க்கிரட்டுக்கு ஞாபகம் இல்லை. கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. உலகத்துக்கே அரிய ஓர் உயிரைக் கவனக்குறைவால் அழித்ததற்காக அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார், ஓய்வூதியம் இல்லை. டாக்டர் வீரசிங்கம் அடுத்த வருஷம் துணை இயக்குநரானார்.

உருளையில் இருந்தது உப்புத் தண்ணீர்.